காற்றுக் குழாயைப் பிடித்தவள்

மலையம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பழங்காநத்தத்தில் அவள் புருஷன் கண்ணுச்சாமி பஞ்சர் கடை வைத்திருந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர், "டியூப்ல ஒரே ஒரு ஓட்டைதான்மா" என்று சொன்னால், தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கி முழுச் சுற்றும் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். கல்யாணமான புதிதில் கண்ணுச்சாமிக்கு இது எரிச்சலாக இருந்தது. அவன் கிணற்றுக்குள் இறங்க ஆரம்பித்த பிறகு அதுவே அவனுக்குத் தைரியமாகிவிட்டது. கரையில் நின்று தன் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவள் அப்படி இருப்பதுதான் நல்லது என்று தோன்றியது.

கிணற்றில் இறங்குகிற வேலை தற்செயலாக வந்தது. காற்றடிக்கிற கம்ப்ரசரைச் சீமெண்ணெய் இன்ஜினோடு பெல்ட்டில் மாட்டி வைத்திருந்தான் கண்ணுச்சாமி. ஒருநாள் நீளமான ரப்பர் குழாயை அதில் சொருகி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் முங்கிப் பார்த்தான். இடுப்பில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டால் தரை வரைக்கும் போக முடிந்தது. கீழேயே உட்கார்ந்து நிதானமாக வேலை பார்க்கவும் முடிந்தது. விழுந்த மோட்டார், கழன்ற புட்வால்வு, அறுந்த சங்கிலி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்ததும், தெற்கேயும் மேற்கேயும் இருக்கிற ஊர்களிலிருந்து ஆள் வந்தது. மலையம்மாள் கூடவே போவாள். ஒரு கையில் குழாய், மறு கையில் அவன் இடுப்புக் கயிறு. கயிறு ஒருதரம் சுண்டினால் நலம், தொடர்ந்து சுண்டினால் இழு. குழாயை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை.

அதுவரைக்கும் அந்தப் பக்கம் கிணற்றுக்குள் எது விழுந்தாலும் அவனியாபுரத்துச் சோணையைத்தான் கூப்பிடுவார்கள். சோணைக்கு இயந்திரமும் கிடையாது, கயிறும் கிடையாது. விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடுவான். வேடிக்கை பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போவான். மேலே நிற்கிறவர்களுக்குத் தங்கள் மூச்சு முட்டும், அவன் வரமாட்டான். செத்துப்போனானோ என்று ஒருத்தர் சொல்கிற நேரத்துக்குத் தலையைத் தூக்குவான். அந்த வித்தையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

கண்ணுச்சாமி வந்ததும் சோணைக்கு வேலை குறைந்தது. அவன் டீக்கடையில் சொல்லித் திரிந்தான்: "அது சைக்கிளுக்கு அடிக்கிற காத்துப்பா. மனுசன் நெஞ்சு தாங்குமா? ஒரு நா டியூப் மாதிரி வெடிக்கத்தான் போகுது." இதைக் கேட்டுக் கண்ணுச்சாமி சிரித்தான். மலையம்மாள் சிரிக்கவில்லை. சொல்கிறவன் ஒருநாள் செய்யவும் செய்வான் என்று அவள் மனசுக்குள் முடிந்து வைத்தாள்.

பெருங்குடியில் ஒரு வேலை முடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டும்போது, நடுவில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்தாள். காற்று கசிகிற அளவுக்கு ஆழமில்லை. கண்ணுச்சாமி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கும் புள்ள" என்றான்.

"எலிக்குப் பல்லு இம்புட்டு நேராவா இருக்கும்?"

"கல்லு கிழிச்சிருக்கும்."

"சோணை இங்கனதான் நின்னான்யா. நான் பாத்தேன்."

அது எலியா, கல்லா, கத்தியா என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கிணற்றுக்குப் போனாலும், கூட்டத்தில் சோணை எங்கே நிற்கிறான் என்று பார்க்காமல் மலையம்மாள் இன்ஜினைக் கிளப்பவிட மாட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் தரை தட்டின. நாகமலை அடிவாரத்தில் நல்லகாமன் என்ற சம்சாரிக்கு ஒரு பெரிய கிணறு இருந்தது. தண்ணீர் ஊற்றைத் தேடி, அடிப் பாறையில் பக்கவாட்டாகக் குடைந்துகொண்டே போயிருந்தார். ஒரு ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குப் பாறைக்குள் குகை மாதிரிப் பொடவு போனது. தண்ணீர் அங்கேதான் கசிகிறது என்று மோட்டாரையும் பொடவுக்குள்ளேயே இறக்கி, இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கி வைத்தார். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரே ராத்திரியில் கிணறு பாதிக்கு மேல் நிரம்பி, மோட்டார் பொடவுக்குள்ளே மாட்டிக்கொண்டது. நல்லகாமன் யோசித்துப் பார்த்துவிட்டுச் சோணையையும் கண்ணுச்சாமியையும் ஒரே நாளில் வரச் சொல்லிவிட்டார்.

சோணைதான் முதலில் இறங்கினான். காலையிலிருந்து உச்சி வரைக்கும் திரும்பத் திரும்ப முங்கினான். ஒவ்வொரு தடவையும் ஏறி வந்து படியில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பப் போனான். கடைசியில் கண்ணெல்லாம் சிவந்துபோய், "போல்ட்டுல கை வைக்கிறதுக்குள்ள திரும்ப வேண்டியிருக்குண்ணே. பொடவு அம்புட்டு நீளம்" என்றான். தோற்றுவிட்டதாக அவன் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கண்ணுச்சாமியின் இயந்திரத்தைச் சுற்றி வந்து நின்றுகொண்டது.

சோணை வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, இன்ஜின் பக்கத்தில் குனிந்து பார்த்தான். "இதுக்கு எண்ணெய் எங்கன ஊத்துவீக? காத்து எது வழியா உள்ள போகுது?" என்று கேட்டான். கண்ணுச்சாமி வெள்ளந்தியாக ஒவ்வொன்றாகக் காட்டினான். மலையம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றவன் எதற்காக இதையெல்லாம் கேட்கிறான்?

கண்ணுச்சாமி இடுப்பில் கல்லைக் கட்டிக்கொள்ளக் கிணற்றுப் படிக்குப் போன நேரத்தில், அவள் ரெண்டு ஆட்களைக் கூப்பிட்டு இன்ஜினையும் கம்ப்ரசரையும் தூக்கி நல்லகாமனின் மோட்டார் ரூமுக்குள் வைக்கச் சொன்னாள். குழாயைச் சின்ன ஜன்னல் வழியாக வெளியே எடுத்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள்.

"மெசினு எங்க புள்ள?" என்று கீழேயிருந்து கேட்டான் கண்ணுச்சாமி.

"பத்திரமா இருக்கு. நீ போ."

அவன் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினான். மலையம்மாள் விளிம்பில் உட்கார்ந்தாள். தண்ணீரின் மேல் குமிழிகள் பொடவு இருக்கிற பாறைப் பக்கமாக நகர்ந்துபோய் மறைந்தன. கயிறு சுண்டியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் சுண்டியது. சோணை கிணற்றுப் படிக்கட்டில், குழாய் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் கால் குழாய்க்கு அருகில் இருந்தது.

"அந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்று கத்தினாள். அவன் காதில் வாங்காத மாதிரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிறு சுண்டவில்லை. அவள் சுண்டிப் பார்த்தாள். பதில் இல்லை. இழுத்துப் பார்த்தாள். பாறையில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கயிறு விறைத்து நின்றது. அவள் கத்துவதற்கு முன்பே சோணை தண்ணீருக்குள் போயிருந்தான். கண்ணை மூடி உட்காரவில்லை, மூச்சைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே போனான்.

அவன் திரும்பி வந்தபோது கண்ணுச்சாமியின் தலை அவன் தோளில் கிடந்தது. வாயில் குழாய் இல்லை. படியில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, பிறகு வாந்தி வந்தது, பிறகு ஒரு இருமல் வந்தது. தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விநோதமாகப் பட்டது. அவன் உதடு நீலம் பாரிக்காமல், வெற்றிலை போட்டவன் மாதிரிச் செக்கச்செவேலென்று இருந்தது. அதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நல்லகாமன் வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

மலையம்மாள் சோணையின் தலைமுடியை எட்டிப் பிடித்தாள். "குழாய மிதிச்சது நீதான்டா! எம் புருசனக் கொல்லப் பாத்தியேடா!"

சோணை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "மிதிக்கிறவன் எதுக்கும்மா உள்ள போயித் தூக்கிட்டு வாரான்?"

"பேரு வாங்க!"

அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. மறுநாள் அவனியாபுரம் வரைக்கும் போய்விட்டது.

கண்ணுச்சாமி பிழைத்து வீட்டுக்கு வந்தான். ஆனால் கிணற்றுப் பக்கமே போகவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் குனிந்து பார்த்தாலே வியர்த்தது. மலையம்மாள் விடாமல் கேட்டாள்: "குழாய்ல காத்து வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன். மொதல்ல தலை வலிச்சுச்சு. அப்பறம் காலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிருச்சு. வாயெல்லாம் கசப்பு."

"காத்து வந்திருந்தா நீ ஏன் மயங்கப்போற? அவன் மிதிச்சுத்தான் இருக்கான்."

சொல்லிச் சொல்லிக் கண்ணுச்சாமியும் நம்பிவிட்டான். சோணைக்கு வேலை அடியோடு நின்றது. ஆளைக் கொல்லப் பார்த்தவனை யார் கிணற்றில் இறங்கவிடுவார்கள்? ஆரப்பாளையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். மலையம்மாளுக்கு அது போதாது என்று தோன்றியது.

கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்தது. கண்ணுச்சாமி வெளியே போயிருந்தான். கடை வாசலில் இருந்த இன்ஜினை மலையம்மாள் உள்ளே இழுத்துப்போட்டு, சாரல் அடிக்காமல் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு டியூப்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறித்தது. மழைக் குளிர் என்று நினைத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் கேட்கவில்லை. வாயெல்லாம் கசந்தது.

பக்கத்து இட்லிக் கடை ஒச்சாயி, நெருப்புக் கேட்க வந்தவள், கதவைத் தள்ளினாள். "அடியே, உள்ள பூராம் பொகைடி! வெளிய வா!" என்று அவளைத் தோளோடு சேர்த்து இழுத்துத் தெருவில் போட்டாள்.

மழையில் உட்கார்ந்து மலையம்மாள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். தலைவலி, சொந்தமில்லாத கால், கசப்பு. கண்ணுச்சாமி சொன்ன மூன்றும் அவளுக்கு வந்திருந்தன. நல்லகாமனின் மோட்டார் ரூம் ஞாபகத்துக்கு வந்தது. அடைத்த ரூமுக்குள் இன்ஜின் விட்ட புகையைத்தான் கம்ப்ரசர் உறிஞ்சிக் குழாய் வழியாக அனுப்பியிருக்கிறது. அன்றைக்கு அவன் உதடு அப்படிச் சிவந்து கிடந்ததும் அந்தப் புகையால்தான் இருக்கும். கண்ணுச்சாமி எப்போதும் இன்ஜினை வெட்டவெளியில், காற்று அடிக்கிற திசை பார்த்து வைப்பான். அன்றைக்கு உள்ளே தூக்கி வைத்தது அவள். நாதாங்கியைப் போட்டது அவள் கை.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு, "அப்ப சோணை மிதிக்கலயா?" என்றான். எதையோ பறிகொடுத்தவன் குரல் மாதிரி இருந்தது. படுக்கப் போகும்போது திரும்பி அவளைப் பார்த்து, "நெசமாவே தெரியாமத்தான் சாத்துனியா?" என்று கேட்டான்.

மலையம்மாள் விளக்கை அணைத்தாள். ஊரில் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பாள்! அது தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பஸ் ஏறி அவனியாபுரம் போனாள். சோணை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான். "உக்காருண்ணே. எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும்" என்றாள். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். கதவைச் சாத்தியது தான், பழியைப் போட்டது தான், அவன் இல்லையென்றால் தன் புருஷன் இல்லை.

 சோணை டீயைக் குடித்து முடித்தான்.

"யாரு சொல்லி வந்த?" என்றான்.

"யாரும் சொல்லலண்ணே."

"நல்லகாமன் மோட்டாரு இன்னும் பொடவுக்குள்ளதான் கெடக்கு. ஓம் புருசன் எறங்க மாட்டான். என்னய எறக்கிவிட்டுக் குழாயப் பிடிச்சுக்கிறலாம்னு வந்திருக்க. வலையங்குளம் கெணத்துல நான் முங்குறதுக்கு முந்துன நாளு பாட்டில ஒடச்சுப் போட்ட ஆளுகதான நீங்க?" காலைத் தூக்கிப் பாதத்தில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினான்.

மலையம்மாள் திகைத்துப்போனாள். அவள் குழாயின் வெட்டை நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம், இவன் இந்தத் தழும்பை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். "எங்க வீட்டுப் பிள்ளைக மேல சத்தியமா நாங்க போடல" என்றாள்.

"சத்தியம் யாரு வேணாலும் பண்ணலாம். நீ மேல நின்னா நான் எறங்க மாட்டேன்."

"அப்ப நான் எறங்குறேன். நீ மேல நில்லு."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. ஆனால் வெளியே வந்த பிறகு திரும்ப எடுக்க அவளுக்கு மனசில்லை. சோணை முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "ஒனக்கு முங்கத் தெரியுமா?"

"நான் கெணத்துலயே வளந்தவ."

நல்லகாமன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார். பொம்பளையை இறக்கி ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? மோட்டார் துருவேறிக்கொண்டிருந்ததால் கடைசியில் தலையாட்டினார். கண்ணுச்சாமியும் வந்தான். இன்ஜினைத் தானே தூக்கி வெட்டவெளியில், புகை எதிர்ப்பக்கம் போகிற மாதிரி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். சோணை விளிம்பில் குழாயையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டான். ரெண்டு ஆண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

மலையம்மாள் கண்ணுச்சாமியின் முழுக்கைச் சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவள் கல்லைக் கட்டிக்கொண்டு, போல்ட் கழற்றுகிற சாவியையும் மோட்டாரை இழுக்கிற சங்கிலியின் கொக்கியையும் இடுப்பில் சொருகி, குழாயைக் கடித்ததும் சிரிப்பு அடங்கியது.

தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருந்தது. கீழே போகப் போகக் காது வலித்தது, குளிர் எலும்பைத் தொட்டது. பொடவு வாயைக் கையால் தடவிக் கண்டுபிடித்தாள். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. இனிமேல் மேலே போக நினைத்தாலும் தலைக்கு மேல் பாறைதான். ஊர்ந்து ஊர்ந்து போனாள். விரலில் இரும்பு பட்டது. போல்ட்டைத் தேடிச் சாவியைக் கொடுத்துத் திருகினாள். ஒன்று அசைந்தது. அடுத்தது அசைந்தது.

அந்த நேரத்தில் குழாயில் காற்று மெலிந்தது. உறிஞ்சிப் பார்த்தாள். வரவில்லை.

சோணையின் கால் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. இன்ஜின் பக்கத்தில் நிற்கிறவன், 'நெசமாவே தெரியாமத்தான் சாத்துனியா' என்று கேட்டவன். மேலே ரெண்டு பேர் நிற்கிறார்கள். ரெண்டு பேரில் ஒருத்தனையாவது நம்ப முடியுமா என்று அந்த இருட்டில் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் போகலாம் என்று உடம்பு துடித்தது. பதறிப்போய்த் திரும்பினால் குழாயும் கயிறும் சுற்றிக்கொள்ளும். கண்ணுச்சாமி அப்படித்தான் மாட்டியிருப்பான். சின்ன வயசில் கிணற்றடியில் மண் அள்ளிக்கொண்டு வர முங்குகிற பிள்ளை மாதிரி, வாயை இறுக்கி மூடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். கயிற்றை ஒருதரம் சுண்டினாள். மேலேயிருந்து கயிறு பதிலுக்குச் சுண்டியது. நெஞ்சு வெடிக்கப் போகிறது என்கிறபோது குழாய் புஸ் என்று சீறியது. காற்று சுத்தமாக இருந்தது.

மிச்சப் போல்ட்டுகளைக் கழற்றினாள். சங்கிலியை மோட்டாரில் கோத்துக் கொக்கியை மாட்டினாள். வந்த வழியே குழாயைத் தடவிக்கொண்டு பின்னால் நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தாள்.

தலையைத் தூக்கியபோது மேலே ஒரே சத்தம். கண்ணுச்சாமியும் சோணையும் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்கள். சோணை ஒரு கையில் கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கத்தினான்: "பெல்ட்டக் கழட்டிவிட்டது இவன்தான்! எனக்குப் பழி வரணும்னு பண்ணுறான்!"

"பெல்ட்டு தானா கழண்டுச்சுடா! மாட்டுனது நான்! நீ குழாய நெரிச்சியா இல்லையா?"

மலையம்மாள் படியில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பெல்ட் பழசு, போன மாதம் அவளே தையல் போட்டது. அது கழலும் என்று அவளுக்குத் தெரியும். கயிறு பதிலுக்குச் சுண்டியதும் அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. மோட்டாரத் தூக்குங்க" என்றாள்.

சங்கிலியை ஆட்கள் இழுத்தார்கள். சேறும் துருவுமாக மோட்டார் மேலே வந்தது. நல்லகாமன் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சோறாக்கச் சொன்னார். சோணை சாப்பிட உட்காரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, போறேன்" என்று கிளம்பினான். போகிறபோது நின்று, "காத்து நின்னப்பக் கூட நீ கயிற இழுக்கச் சொல்லி அடிக்கலயே. எம்புட்டு நேரம் அடக்கியிருப்ப?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல், "என்னய விடக் கம்மிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலையில் சோணை பஞ்சர் கடை முன்னால் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. மலையம்மாள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேலக்குயில்குடியில ஒரு கெணறு. உள்ள பொடவு இருக்காம். என் மூச்சுக்கு ஆகாது. வாரியா?"

"மேல யாரு நிக்கிறது?"

"நான்தான்."

மலையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். கடைக்குள்ளிருந்து கண்ணுச்சாமி எட்டிப் பார்த்தான். "நானும் வாரேன்" என்றான்.

"வா" என்றான் சோணை. "பெல்ட்டு புதுசா மாத்திட்டு வா."